பிலோமினா அக்கா பெல்ட்டைக் கழற்றவில்லை

"பாவனையாளர் கருவியை முறையாக அணிந்திருக்கவில்லை."

இந்த வசனத்தை எழுதித் தரச்சொல்லி ஒருநாள் உங்களிடமும் கேட்பார்கள். பிசியோவாகப் படித்து முடித்து, ஆஸ்பத்திரியில் கொஞ்சக் காலம் வேலை பார்த்துவிட்டு, வயதானவர்கள் விழாமல் காக்கும் கருவிகள் செய்கிற கம்பனிகளுக்குப் போகிற பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நானும் போனவள்தான். ஆனால் அந்த வசனம் உங்கள் மேசைக்கு வரும். குளிரூட்டிய அறையில் இருத்தி, நல்ல தேநீர் தந்து, உங்கள் அனுபவத்தைப் புகழ்ந்துவிட்டுத்தான் கேட்பார்கள். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் கிடைக்காது. ஆகவே இப்போதே கொஞ்சம் கோபப்பட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

என் உத்தியோகக் காலம் முழுவதும் அரசாங்க ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டுகளில் போனது. இடுப்பு முறிந்து வந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது என் வேலை. நடக்க வைக்குமுன் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: எப்படி விழுந்தீர்கள்? அநேகமானவர்கள் சொன்ன கதை ஒன்றுதான். கால் வழுக்கியது அல்லது தலை சுற்றியது. சுவரைப் பிடித்தேன். கைகழுவும் பேசினைப் பிடித்தேன். வாளியைப் பிடித்தேன். பிடித்துப் பிடித்து மெல்லச் சரிந்து நிலத்தில் இருந்துவிட்டேன், பிறகு எழும்ப முடியவில்லை. மரம் முறிந்து விழுகிற மாதிரி விழுந்தவர்கள் குறைவு. ஆஸ்பத்திரி வேலையில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்ட விஷயங்களில் இது ஒன்று.

ஓய்வு பெற்றபின் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த கம்பனி என்னை ஆலோசகராகக் கூப்பிட்டது. கம்பனியை நடத்திய பணிப்பாளர் இளம் ஆள். பெற்றோர் யாழ்ப்பாணம், படிப்பு லண்டன். முதல் நாளிலிருந்தே என்னை வீட்டுப் பிள்ளை மாதிரி "அன்ரி" என்று கூப்பிட்டார். உத்தியோக இடத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சொல்லவும் இல்லை. அவர்கள் விற்றது இடுப்பில் கட்டும் ஒரு பெல்ட். முன்பக்கம் ஓரமாக ஒரு சிறு பெட்டி. நடை தள்ளாடினால் அந்தப் பெட்டி அதிர்ந்து எச்சரிக்கும். ஆள் விழுந்தால் கம்பனியின் கண்காணிப்பு அறையில் மணி அடிக்கும். அதே நேரம் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் போனிலும் அடிக்கும். பெட்டியில் ஒரு பொத்தானும் உண்டு. உதவி தேவையென்றால் அமத்தலாம். தண்ணீர் பட்டாலும் பழுதாகாது, ஆகவே குளிக்கும்போதும் கட்டியிருக்கலாம்.

நல்ல யோசனைதான். இப்போதும் சொல்கிறேன், நல்ல யோசனை. பிள்ளைகள் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்க, அம்மா அப்பா ஃபிளாட்டில் தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கும் ஊர் இது. அந்த வீடுகளுக்குள் போய் ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டு வருவது பிரயோசனமான வேலை என்று நம்பித்தான் போனேன்.

பிரச்சினை மணி அடிக்காததில் தொடங்கவில்லை. கண்டபடி அடித்ததில் தொடங்கியது.

வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். பெல்ட் கட்டிய வாரமே கோயிலுக்குப் போய், சந்நிதியில் அட்டாங்க நமஸ்காரம் செய்தார். கண்காணிப்பு அறையில் மணி. லண்டனில் மகனின் போனில் மணி. மகன் பதறிப்போய்த் தெரிந்தவர்களுக்கெல்லாம் அடித்து, அம்புலன்ஸ் கோயில் வாசலுக்கே வந்துவிட்டது. மாஸ்டர் திருநீறும் கையுமாக வெளியே வந்து, "ஆர் செத்தது?" என்று கேட்டாராம்.

சிரிக்கலாம். நாங்களும் சிரித்தோம். ஆனால் எல்லா வீட்டிலும் இதே கதை. தேங்காய் துருவ நிலத்தில் இருந்த அம்மாவுக்கு மணி. தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்த கொம்பனித்தெரு ஐயாவுக்கு மணி. முழங்காலில் நின்று வீடு துடைத்தவருக்கு மணி. கதிரையிலிருந்து சோபாவுக்கு மட்டுமே மாறுகிற மனிதர்களைப் பார்த்துச் செய்த கருவி அது. எங்கள் ஆட்கள் ஒரு நாளில் எத்தனை முறை நிலத்துக்குப் போய் வருகிறார்கள் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் எவரும் புறப்படவில்லை. மணி அடித்து அடித்துப் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. சிலர் பெல்ட்டைத் திருப்பி அனுப்பினார்கள்.

பணிப்பாளர் கூட்டம் வைத்தார். மேசையின் ஒரு பக்கம் நான். மறுபக்கம் தில்ருக்ஷி. பெட்டிக்குள் இருக்கும் கணக்கையெல்லாம் எழுதிய பொறியியலாளர் அவள். கெட்டிக்காரி.

"சிம்பிள் அன்ரி," என்றார் பணிப்பாளர். "சென்சிட்டிவிட்டியக் குறைப்பம். ஹார்ட் ஃபோல் எண்டால் மட்டும் அடிக்கட்டும்."

"எங்கட ஆக்கள் அப்பிடி விழமாட்டினம்," என்றேன். "சுவரைப் பிடிச்சுச் சரிஞ்சு இருப்பினம். பெரிசா விழுந்தால் மட்டும் அடிக்கிறதெண்டால், அடிக்கவேண்டிய நேரத்தில அது அடிக்காது."

"அப்ப என்ன செய்யிறது?"

"நான் வீடு வீடாப் போறன். தில்ருக்ஷியும் வரட்டும். இந்த ஆக்கள் எப்பிடி நிலத்தில இருக்கினம், எப்பிடி எழும்பினம் எண்டு பெட்டிக்குப் பழக்குவம். அதுவரைக்கும் மணி அடிச்சால், பிள்ளைக்குப் போகமுந்தி அறையில இருந்து அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்து, 'என்ன, சுகமா?' எண்டு கேக்கட்டும்."

அதற்கு இன்னும் ஆட்கள் வேண்டும், காலமும் வேண்டும். பணிப்பாளர் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். முதலீட்டாளர்கள் வந்துபோனபின் நான் சொன்னபடி செய்யலாம் என்றார். அதுவரை எதையும் மாற்றமாட்டோம் என்றும் சொன்னார். நான் நம்பிக்கொண்டு எழும்பினேன்.

இப்போது பிலோமினா அக்காவிடம் வருகிறேன்.

கொட்டாஞ்சேனையில், ஹார்ட்வெயார் கடை ஒன்றின் மேல்மாடியில் தனியாக இருந்தார். துறைமுகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் ரெஜினா மெல்பேர்னில். மகள் எத்தனையோ முறை கூப்பிட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்டபோது, "அங்க போய் யாரோட சண்ட பிடிக்கிறது மிஸ்? இங்க எண்டா மீன்காரனும் இருக்கிறான், ஃபாதரும் இருக்கிறாரு" என்றார்.

மகள்தான் பெல்ட்டுக்கு ஏற்பாடு செய்தவள். கட்டிவிடப் போனது நான். அக்கா லேசில் சம்மதிக்கவில்லை. "இடுப்பில பொலிஸ்காரன வச்சுக்கொண்டு திரியச் சொல்றீங்களா?" என்றார். நான் அவருடைய குளியலறையைப் பார்த்தேன். வழவழப்பான பழைய நிலம், பிடிக்கக் கம்பி இல்லை. கம்பி பூட்டுவதற்கு ஆள் ஒழுங்கு செய்தேன். பிறகு கட்டிலில் அவர் பக்கத்தில் இருந்து வெளிப்படையாகச் சொன்னேன்.

"அக்கா, நீங்கள் விழுந்தால் கீழ் கடைக்குச் சத்தம் கேக்காது. அதுக்குத்தான் இது. குளிக்கேக்கையும் கழட்டாதேங்கோ. எனக்கு வாக்குத் தாங்கோ."

அக்கா பெல்ட்டை வாங்கி இடுப்பில் வைத்துப் பார்த்தார். "சரி. கழட்டமாட்டன். ஆனா கதவ நான் பூட்டமாட்டன், அதையும் சொல்லிட்டன். என்ன வந்து தூக்குறவன் கதவ உடைக்கக் கூடாது."

அப்படிப்பட்ட பெண். வாக்கென்றால் வாக்கு.

பிறகு ஒருநாள் மத்தியானம் கடந்த நேரம், அந்த ஹார்ட்வெயார் கடையை நடத்தும் முஸ்லிம் நானாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. பெல்ட் கட்டிய நாளில் என் இலக்கத்தை அவரிடமும் கொடுத்திருந்தேன். 

"மிஸ், கடைட சீலிங்கால தண்ணி ஒழுகிச்சி. நான் சண்ட புடிக்கத்தான் மேல போன. கதவு பூட்டாம ஈந்திச்சி. பாத்ரூம்ல விழுந்து கெடக்குறாங்க. அம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். தண்ணி பெய்ப்பு தெறந்தபடி. காலைலேந்தே ஓடியிருக்கும் போல."

காலையிலிருந்து. அத்தனை நேரமும் அந்த நிலத்தில், ஓடுகிற தண்ணீருக்குள்.

நான் கண்காணிப்பு அறைக்கு அடித்தேன். அங்கே இருந்த பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, "மணி ஒண்டும் அடிக்கேல்ல மிஸ். அவ ரெஸ்ட் எடுக்கிறா எண்டுதான் காட்டுது" என்றாள். அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. திரையில் காட்டியதைச் சொன்னாள். ஓய்வெடுக்கிறார் என்று காட்டியிருக்கிறது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் அவருடைய சிறுநீரகங்கள் தேறவேண்டும் என்று வார்டில் சொன்னார்கள். நீண்ட நேரம் அசையாமல் நிலத்தில் கிடந்தால் தசைகள் நசிந்து, அவற்றின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும். உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். பாடத்தில் வராதது, அந்தக் கட்டிலில் கிடப்பவரின் முகம்.

நான் உள்ளே போனபோது அவர் போனில் இருந்தார். காதுக்கு எட்டப் பிடிக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். மெல்பேர்னிலிருந்து ரெஜினா அழுதுகொண்டே ஏசிக்கொண்டிருந்தாள்.

"எத்தன தரம் சொன்னன் மம்மி, அதக் கழட்டாதீங்க எண்டு? கம்பனியில இருந்து ஈமெயில் போட்டிருக்கிறாங்க, நீங்க அத ஒழுங்காக் கட்டியிருக்கல்லையாம். ஏன் மம்மி இப்படிச் செய்றீங்க? நான் இங்க இருந்து என்ன செய்றது?"

பிலோமினா அக்கா கண்களை மூடிக்கொண்டார். உலகத்தில் எவரோடும் சண்டை பிடிக்கத் தயங்காதவர் அவர். மகளுக்கு ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. போன் நின்றதும் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"நான் கழட்டல்ல மிஸ்."

"தெரியும் அக்கா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நானே யோசிச்சுப் பார்க்கிறன். சில நேரம் கழட்டினனோ எண்டு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். இடுப்பை உடைத்துக்கொண்டவரிடம் அவருடைய புத்தியையும் பறிக்கிறார்கள். தான் செய்யாத பிழையைத் தானே செய்ததாக ஒரு மனுஷியை நம்பவைக்க ஓர் ஈமெயில் போதும். வயதானவர்கள் இலகுவில் நம்பிவிடுவார்கள். தங்கள் ஞாபகத்தைச் சந்தேகிக்க எல்லோரும் சேர்ந்து அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

அந்த நேரம் தாதி விரிப்பு மாற்ற வந்தாள். நானும் கைகொடுத்து, முறிந்த பக்கம் நோகாமல் அக்காவை மெல்லத் திருப்பினோம். சட்டை விலகியது. இடது இடுப்புக்கு மேலே, வயிற்றின் ஓரத்தில், கறுத்து நீலம் பாரித்த ஒரு சதுரம். மூலைகள் நான்கும் வளைந்திருந்தன. அதன் இரண்டு பக்கமும் பெல்ட்டின் நெசவு வரிவரியாகத் தோலில் பதிந்திருந்தது.

அந்தப் பெட்டியின் மேலேயே கிடந்திருக்கிறார். அவருடைய முழுப் பாரமும் அதன் மேல். பொத்தானை அமத்தக் கையை விட்டிருப்பார், எட்டியிருக்காது. கருவி உடம்பைத் தொட்டபடி, இல்லை, உடம்புக்குள் புதைந்தபடி இருந்திருக்கிறது. அவர் ஓய்வெடுக்கிறார் என்று கம்பனிக்குச் சொல்லிக்கொண்டு.

தாதியிடம் கேட்டேன். அம்புலன்ஸில் வரும்போது பெல்ட் இடுப்பில் இருந்ததாகவும், வார்டில் தாங்களே வெட்டிக் கழற்றி, நனைந்த ஹவுஸ்கோட்டோடு பையில் போட்டதாகவும் சொன்னாள்.

"அக்கா," என்றேன், "நீங்கள் கழட்டேல்ல. உங்கட தோலில இருக்கு. நான் என்ர கண்ணால பாக்கிறன்."

அவர் அழுதார். பெல்ட் கட்டிவிட்ட நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. நோவுக்கு அழவில்லை. தன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததற்கு அழுதார்.

ஆஸ்பத்திரி வாசலில் முச்சக்கரவண்டி பிடித்து நேரே அலுவலகத்துக்குப் போனேன். காலி நகருக்குப் போகும் பெருவீதி நெருக்கடியில் வண்டி ஊர்ந்தது. பணிப்பாளர் என்னை எதிர்பார்த்திருந்தவர் போல அறைக்குள் கூப்பிட்டார். தேநீர் வந்தது. மேசையில் அந்தக் கடதாசி. தொடக்கத்தில் சொன்ன அந்த வசனம் அதில் இருந்தது. கீழே என் பெயரும் தகைமையும் அச்சடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"ஈமெயில் போட்டிட்டம், ஆனா டெக்னிக்கல் ஆள் மட்டும் சொன்னா ஃபமிலி கனநாள் நம்பாது அன்ரி. உங்களை மாதிரி எக்ஸ்பீரியன்ஸ்ட் ஆள் சொன்னா நம்புவினம்."

"அவ பெல்ட்டோட விழுந்திருக்கிறா. பெட்டியின்ர அச்சு உடம்பில கிடக்கு. ஏன் அடிக்கேல்ல?"

அவர் தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். நான் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து தில்ருக்ஷியைக் கூப்பிட்டேன். அவள் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"சென்சிட்டிவிட்டியைக் குறைத்தீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"அனே மிஸ்," என்றாள், ஐயோ என்கிற குரலில். கூட்டம் முடிந்த வாரமே குறைக்கச் சொன்னார்கள் என்றாள். முதலீட்டாளர்கள் வரும்போது பொய் மணி அடிக்கக்கூடாதாம். எனக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் பெல்ட்டிலும் குறைத்திருக்கிறது.

எல்லாப் பெல்ட்டிலும்.

பணிப்பாளர் கெட்டவர் மாதிரிக் கதைக்கவில்லை. அதுதான் நீங்கள் தெரிந்துவைக்க வேண்டியது. குரலைத் தாழ்த்தி, நியாயமாகக் கதைத்தார்.

"அன்ரி, கொஞ்சம் யோசியுங்கோ. இது வெளியில போனால் கம்பனி மூடவேண்டி வரும். இத்தனை வயதுபோன ஆக்களுக்கு இருக்கிற கொஞ்சப் பாதுகாப்பும் போயிடும். ஒரு கேஸுக்காக எல்லாத்தையும் விடப்போறீங்களோ? ஸ்பெக்கில எழுதியிருக்கிறபடி பெல்ட் சரியாத்தான் வேலை செய்திருக்கு. ஸ்லோ ஃபோல் எண்டதை அது பிடிக்கும் எண்டு நாங்கள் எங்கையும் எழுதேல்ல."

அவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருந்தது. ஒரு பங்கு உண்மை இருப்பதால்தான் இப்படிப்பட்ட பேச்சுக்கு நல்ல மனிதர்களும் தலையாட்டுகிறார்கள். நானும் ஒரு கணம் அந்தக் கடதாசியைப் பார்த்தபடி இருந்தேன். அப்போது நினைத்தது பிலோமினா அக்காவை அல்ல. அந்த நேரம் வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மேல்கழுவப் போகிறவர்களை நினைத்தேன். ஒவ்வொருவரும் அந்தப் பெல்ட்டை நம்பிக் குளியலறைக் கதவைச் சாத்துகிறார்கள். அவர்களில் பலருக்கு அதைக் கட்டியது என் கை. கழற்றாதேங்கோ என்று வாக்கு வாங்கியது என் வாய்.

கடதாசியை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழும்பினேன். கண்காணிப்பு அறைக்குப் போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, போனை எடுத்தேன்.

"என்ன செய்யிறீங்கள் அன்ரி?"

"எல்லாருக்கும் அடிச்சுச் சொல்லப்போறன். இந்தப் பெல்ட்டை நம்பிக் குளிக்கப் போகவேண்டாமெண்டு."

"அது கம்பனியின்ர டேட்டா. நீங்கள் அப்பிடிக் கோல் எடுக்கேலாது."

"அப்ப நீர் எடும்," என்றேன்.

அதுவரை அவரை நான் மரியாதையாக "நீங்கள்" என்றுதான் கதைத்தவள். அந்த ஒரு சொல்லில் அவர் முகம் மாறியது. அந்த முகம் பிலோமினா அக்காவுக்காக மாறவில்லை. அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

முதல் போன் அந்தக் கணித மாஸ்டருக்கு. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப இவ்வளவு நாளும் நான் இடுப்பில கட்டினது அரைஞாண் கயிறோ பிள்ளை?" என்றார். அடுத்தது ஓர் அம்மா. பயந்து அழத் தொடங்கிவிட்டார். தேற்ற நேரம் எடுத்தது. கதவைப் பூட்டவேண்டாம், குளிக்கப் போகுமுன் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கோ, போனைப் பொலித்தீன் பையில் போட்டு நிலத்தில், கைக்கெட்டும் இடத்தில் வையுங்கோ என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சும்மா நின்ற கண்காணிப்பு அறைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி தன் போனை எடுத்தாள். மற்றவளும் எடுத்தாள். பணிப்பாளர் வாசலில் நின்று வழக்கறிஞரோடு கதைத்துக்கொண்டிருந்தார். தில்ருக்ஷி தன் மேசைக்குப் போய், எவரையும் கேட்காமல், எல்லாப் பெல்ட்டுகளையும் பழையபடி மாற்றினாள். சிறிது நேரத்தில் பொய் மணிகள் அடிக்கத் தொடங்கின. அந்தச் சத்தம் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

கடைசியாக மெல்பேர்னுக்கு அடித்தேன். ரெஜினா எடுத்தாள். "உங்கட அம்மா கழட்டேல்ல, அவவோட உடம்பில அடையாளம் இருக்கு, மணி அடிக்காமல் விட்டது கம்பனி" என்று சுற்றிவளைக்காமல் சொன்னேன்.  "நான் மம்மிக்கு ஏசிட்டன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். "ஹொஸ்பிட்டல்ல இருக்கிற மம்மிக்கு நான் ஏசிட்டன்."

எனக்கு அவளில் கோபம் இல்லை. அவளை அப்படி ஏசவைத்தவர்கள் மேல்தான்.

அன்று மாலையே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தில்ருக்ஷி தானாகவே விலகினாள். வழக்குப் போடுவோம் என்று எனக்குக் கடிதம் வந்தது, வழக்கு வரவில்லை. ரெஜினா முறைப்பாடு செய்யாத இடம் இல்லை. பரிசீலிக்கிறோம் என்று எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது. பரிசீலனை இன்றுவரை முடியவில்லை. கம்பனி கொஞ்சக் காலம் மூடிக்கிடந்து வேறு பெயரில் திறந்தது. இப்படித்தான் முடிந்தது. நியாயம் வென்றதாகச் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை.

பிலோமினா அக்கா தேறினார். சத்திரசிகிச்சையும் தாண்டினார். ஆனால் அந்த மாடிப்படி இனி அவருக்கு இல்லை என்றாகிவிட்டது. ரெஜினா வந்து நின்று, கன்னியர் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில், கீழ்த்தளத்தில் இடம் எடுத்துக் கொடுத்தாள். கொட்டாஞ்சேனையை விட்டு வந்ததற்கு அக்கா என்னோடும் ரெஜினாவோடும் தினமும் சண்டை பிடித்தார். அது நல்ல அறிகுறி. நான் அடிக்கடி போய் அவரை வோக்கரோடு நடக்கவைத்தேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் விழுந்தால் திரையைப் பார்க்குமுன் அவரைப் போய்ப் பாருங்கள். சட்டையை விலக்கிப் பாருங்கள். அவர் சொல்வதும் கருவி சொல்வதும் வேறுபட்டால், கருவியை முதலில் சந்தேகியுங்கள். ஒரு பெல்ட்டைக் கட்டி ஒருவரிடம் வாக்கு வாங்கினால் நீங்களும் வாக்குக் கொடுத்தவர்கள்தான். கம்பனியோடு செய்த ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்காது. அதனால் என்ன?

போன வருடம் ஒருநாள் அந்த இல்லத்துக்கு வேறொரு கம்பனியின் விற்பனையாளர் வந்தார். நான் அப்போது அக்காவை நடக்கவைத்துக்கொண்டிருந்தேன். நல்ல சுபாவமான இளைஞர், டை கட்டியிருந்தார். பெரிய மண்டபத்தில் எல்லோரையும் கதிரைகளில் இருத்தி, புது மாதிரிப் பெல்ட் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். விழுந்த உடனே மணி அடிக்கும் என்றார். செயற்கை நுண்ணறிவு என்றார். இல்லத்தின் தலைமைக் கன்னியாஸ்திரியான மதர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று இளைஞர் கேட்டபோது, பிலோமினா அக்கா கையை உயர்த்தினார்.

"தம்பி, அத நீங்க கட்டுங்க பார்ப்பம்."

சிரித்துக்கொண்டு கட்டினார்.

"இப்ப அந்தச் சுவரப் பிடிங்க. சறுக்குற மாதிரி. ஓம், அப்படி. மெல்ல, மெல்லச் சரிஞ்சு நிலத்தில இருங்க. இனி ஒரு பக்கமா அந்தப் பெட்டி மேலயே படுங்க."

அவர் மதரைப் பார்த்தார். மதர் தலையசைத்தார். இளைஞர் சுவரைப் பிடித்து, டையோடும் சப்பாத்தோடும் மெல்லச் சரிந்து, நிலத்தில் ஒருக்களித்துப் படுத்தார். மண்டபத்தில் இருந்த அத்தனை வயதானவர்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பெல்ட் பேசவில்லை.

"சில நேரம் கொஞ்சம் டிலே இருக்கும்," என்றார் கீழே கிடந்தபடி.

"பரவாயில்ல, இருங்க," என்றார் அக்கா. "எங்களுக்கு அவசரமில்ல."

காத்திருந்தோம். அவருடைய காதுகள் சிவந்தன. எவரும் சிரிக்கவில்லை. இன்னும் காத்திருந்தோம். பிறகு பிலோமினா அக்கா வோக்கரில் இரண்டு கைகளையும் ஊன்றி முன்னால் குனிந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"சரி, எழும்புங்க தம்பி. உங்களால ஏலும்தானே."